உப்பு கசியும் ஊரிலிருந்து

வண்டிக்குள் வைக்கும் கன்வெர்ட்டர், கன்ட்ரோலர், சார்ஜர் பெட்டிகளை வரைந்து செய்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

காரைக்கால் தலத்தெருவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, முன்னால் தகரச் சார்ப்பு, உள்ளே ஒரு மேசை, மேசைமேல் ஒரு லென்ஸ் விளக்கு. நீங்கள் ஓசூரிலும் ராணிப்பேட்டையிலும் கோவையிலும் தரமணி ஆராய்ச்சிப் பூங்காவிலும் உட்கார்ந்து வரைகிற பெட்டி என்றைக்காவது ஒரு நாள் செத்து இந்த மேசைக்கு வருகிறது. வாரண்டி இருந்தால் வராது. கம்பெனி ஆட்கள் கழற்றிக்கொண்டு வேறு மாட்டிவிடுவார்கள். வாரண்டி முடிந்த மறுவாரம் வரும். ஆகவே உங்கள் பெட்டியின் சாவுக்கு நீங்கள் வருவதில்லை, நான்தான் போகிறேன். போய்ப் பார்த்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது.

எந்தக் கம்பெனிப் பெட்டி என்று மட்டும் கேட்காதீர்கள். பல பெயர்கள் வருகின்றன. ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சாகின்றன. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் ‘நம்முடையது இல்லை’ என்று மடலை மடித்து வைத்துவிடுவீர்கள்.

போன கார்த்திகையில் கிளிஞ்சல்மேட்டு அக்கா ஒருவர் தன் மின்சார மூணுசக்கர வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் போட்டு அடுக்கி, திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் தெருத்தெருவாக விற்கிறவர். முந்தின நாள் காலையில் ஹாரன் கம்மியிருக்கிறது. சாயங்காலம் லைட் மங்கியிருக்கிறது. அன்றைக்கு விடிந்ததும் மீட்டரே எரியவில்லை. பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கிறது, வண்டி அசைய மாட்டேன் என்கிறது. “நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுண்ணே” என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அது உண்மையும்கூட.

பேட்டரி 48 வோல்ட். ஹாரன், லைட், மீட்டர் எல்லாம் 12 வோல்ட். நடுவில் சோப்பு டப்பா அளவில் ஒரு கன்வெர்ட்டர். அதுதான் போயிருந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. சோப்பு டப்பா படுத்ததில் வண்டியே படுத்துவிட்டது. கூடையில் இருந்த சங்கரா மத்தியானத்துக்குள் விற்காவிட்டால் கருவாட்டுக்குத்தான். அக்கா வண்டியை விட்டுவிட்டு, கூடையோடு ஒரு குட்டி யானை வண்டி பிடித்துப் போனார்.

பெட்டியைத் திறந்தேன். நாலு ஸ்க்ரூவில் இரண்டு கழன்றன. மற்ற இரண்டும் அலுமினிய உடம்போடு ஒட்டிப்போயிருந்தன. சுற்றிலும் சுண்ணாம்பு உதிர்ந்ததுபோல வெள்ளைப் பொடி. அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ முறுக்கி உப்புத்தண்ணீர் தெளித்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரி, அரிபடுவது அலுமினியம். துளை போட்டு எடுத்தேன். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் நேற்று போட்டதுபோல இருந்தது. அதைத் தாண்டி ஒரு சொட்டுகூடப் போகவில்லை என்று அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் உள்ளே, போர்டுக்கு அடியில், அரைப் பாலாடை தண்ணீர் நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். (நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.) உப்பு, கூடவே மீன் வாடை.

ரப்பர் நன்றாக இருக்கிறது, தண்ணீர் எப்படி வந்தது? பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒயரை ஒரு சாண் வெட்டித் தோலை உரித்தேன். செம்பு செம்பாக இல்லை, கறுத்துக் கிடந்தது. இடையிடையே பச்சைக் களிம்பு. இன்னொரு சாண் உரித்தேன், அங்கேயும் களிம்பு. ஒன்றரை முழம் தள்ளி, சீட்டுக்கு அடியில், விடையும் கிடைத்தது. மீன் தட்டுக்கு மேலே ஒரு எல்.இ.டி. பட்டி எரிவதற்காக யாரோ ஒயரைச் சுரண்டி, இன்னொரு ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். ஐஸ் தண்ணீர் அந்த டேப்புக்குள் இறங்கியிருக்கிறது. ஒயருக்குள்ளே பத்து முப்பது மெல்லிய இழைகள் சேர்ந்து கிடக்கின்றன அல்லவா? திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த இழைகளுக்கு நடுவே தண்ணீர் நடந்து, உங்கள் ரப்பரையும் கப்ளரையும் பார்க்காமல், உள்பக்கமாகவே பெட்டிக்குள் நுழைந்திருக்கிறது.

திரியில் தானாக ஏறுவது கொஞ்சம். மீதியை உறிஞ்சியது பெட்டியேதான். இதை நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் படித்தவர்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் ஓட்டத்திலும் பெட்டிக்குள் காற்று 80 டிகிரி ஆகிறது என்று வையுங்கள். அக்கா வியாபாரம் முடிந்து வந்ததும் முதல் வேலையாக, வாடை போகட்டும் என்று, வண்டியை மோட்டார் தண்ணீர் விட்டுக் கழுவுவார். பெட்டி இருக்கிறதிலேயே சூடாக இருக்கும் நேரம் அதுதான். 30 டிகிரிக்கு இறங்கினால் உள்ளே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீர் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுக்குப் பெட்டி வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு முறை, வருஷம் முழுக்க.

பெட்டியின் பக்கவாட்டில் ஐ.பி.67 என்று அச்சடித்திருந்தீர்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் போட்டு எடுத்தால் உள்ளே கெடுதல் ஆகும் அளவுக்குத் தண்ணீர் போகக்கூடாது என்பது அதன் பொருள். ஆனால் அந்தச் சோதனையில், தண்ணீருக்கும் பெட்டிக்கும் இடையே 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஆறின பெட்டியை ஆறின தண்ணீரில் போடுகிறார்கள். அதில் பாஸ் ஆன பெட்டி அக்காவின் வீட்டு வாசலில் ஃபெயில் ஆவதில் ஆச்சரியம் இல்லை. வண்டிகளுக்கென்றே இருக்கும் ஐ.எஸ்.ஓ. 16750 தரத்தில், சுட்ட பெட்டியை ஐஸ் தண்ணீரில் அமுக்கும் சோதனை ஒன்று இருக்கிறதே, அதைச் செய்தீர்களா? செய்தபோது ஒயரின் மறுமுனையையும் தண்ணீருக்குள் போட்டீர்களா, அல்லது மேசைமேல் காயவைத்திருந்தீர்களா? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

இந்தப் பெட்டியின் சர்க்யூட்டில் ஒரு குற்றமும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல கை வரைந்திருக்கிறது. என் மேசைக்கு வரும் பத்தில் ஏழெட்டுப் பெட்டி இப்படித்தான். வரைபடத்தில் இருக்கும் சாமான்கள் தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. வரைபடத்தில் இல்லாத சாமான்கள் கொல்கின்றன: ஒயர் இழைக்கு நடுவே உள்ள சந்து, ஸ்க்ரூ, டேப், கழுவுகிற தண்ணீர், உப்பு.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்களில் பலர் ஓசூரில் இருக்கிறீர்கள். அது கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே, இதமான காற்றில் இருக்கிறது. தலத்தெருவிலிருந்து கடற்கரை சைக்கிள் மிதிக்கும் தூரம். இங்கே சமையல்கட்டில் கல் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள்; ஐப்பசி பிறந்தால் உப்பு கசிந்து ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். மழை ஜாடிக்குள் பெய்யவில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை எடுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கு 75கூட வேண்டாம், அதற்குக் கீழேயே நசநசக்கும். எங்கள் ஊர் ராத்திரிகளில் அந்த 75 சர்வசாதாரணம். அதனால் ஒரு முறை உப்பு உள்ளே போன போர்டு, மழை இல்லாத நாளிலும் ஒவ்வொரு ராத்திரியும் நனைகிறது, பகலில் காய்கிறது, திரும்ப நனைகிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 2004 டிசம்பர் 26 சுனாமி. அந்த நாளைப் பற்றி வண்டிக் கணக்கில் பேச நா கூசுகிறது. காரைக்கால் கடலோர ஊர்கள் இழந்தது மனிதர்களை. சில வாரம் கழித்து, பிழைப்பைத் திரும்பத் தொடங்கியவர்கள் சேற்றிலிருந்து எடுத்த வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்போது ஒன்று கவனித்தேன். கடல்தண்ணீரில் மூழ்கிய அன்றைக்கே கிணற்றுத்தண்ணீர் ஊற்றி அலசப்பட்ட வண்டிகளின் சி.டி.ஐ.யும் ஒயரிங்கும் பல நன்றாகவே இருந்தன. வெயிலில் காயவைத்து, ‘காய்ந்துவிட்டது, இனி பயமில்லை’ என்று விட்டவை இரண்டே மாதத்தில் கப்ளர் கப்ளராக அழுகின. தண்ணீர் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. இன்றுவரை உப்புத்தண்ணீரில் விழுந்த போர்டு வந்தால் நான் முதலில் செய்வது அதை நல்ல தண்ணீரில் முக்குவதுதான். பார்க்கிறவர்கள் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

அக்காவின் போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். மாஸ்ஃபெட்டின் இரண்டு கால்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடம். அந்த இடத்தில், பாறையில் பாசி படர்ந்ததுபோல, வெள்ளிநிறத்தில் குட்டிக் கிளைகள். ப்ளஸ் பக்கத்து ஈயம் ஈரத்தில் கரைந்து, மைனஸ் பக்கம் போய்ப் படிந்து, அங்கிருந்து மரம்போலக் கிளைவிட்டு ப்ளஸ்ஸை நோக்கி வளர்ந்திருக்கிறது. கிளை தொட்ட நொடி ஷார்ட். தொட்ட இடத்தில் கிளை எரிந்து சாம்பலாகிவிடும் என்பதால் பல சமயம் மறுநாள் பார்த்தால் காரணமே தெரியாது. முதல் நாள் ஹாரன் கம்மி, லைட் மங்கி, மறுநாள் எல்லாம் செத்ததற்கு இதுதான் காரணம். பெட்டியைச் சின்னதாக்க வேண்டும் என்று நீங்கள் கால்களை நெருக்கி வைக்கிறீர்கள். அதே நேரம் பேட்டரி 48லிருந்து 60, 72 என்று ஏறுகிறது. நெருக்கமும் வோல்ட்டேஜும் சேர்ந்து ஏறினால் அந்தச் செடிக்கு நல்ல உரம்.

சின்னதாக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. மூணுசக்கர வண்டியில் இடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சாமான் ஏற்றும் இடத்தில் பெட்டியை வைத்தால் ஓட்டுகிறவர் தூக்கி எறிந்துவிடுவார். ஆனால் சின்னதாக்கும்போது சூடு எங்கே போகும் என்பதை என் மேசையிலிருந்து சொல்கிறேன். 250 வாட் கொடுக்கிற கன்வெர்ட்டர் 90 சதவீதத் திறனில் ஓடினால் 28 வாட் உள்ளேயே வீணாகிச் சூடாகிறது. நான் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். ஒரு சோப்பு டப்பாவுக்குள் எரிகிற சால்டரிங் அயர்னை வைத்து, மூடி, வண்டியின் அடித்தகட்டில் திருகிவிட்டிருக்கிறீர்கள். அதே கன்வெர்ட்டரை 95 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விளம்பரத்தில் அஞ்சு சதவீதம் என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி.

சூட்டில் முதலில் போவது அந்த உருளைக் கெப்பாசிட்டர். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்ற கணக்கில் வருபவை நிறைய. 2000 மணி என்பது பெரிய எண்போலத் தெரிகிறது. நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் வண்டிக்கு அது 200 நாள். பத்து டிகிரி குறைத்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு: 95ல் 4000, 85ல் 8000, 75ல் 16000 மணி. ஆக, கெப்பாசிட்டரை மாஸ்ஃபெட்டுக்குப் பக்கத்தில் வைப்பதா, எதிர்மூலையில் வைப்பதா என்று நீங்கள் அரை நிமிடத்தில் எடுக்கும் முடிவில் ஒரு வண்டிக்காரரின் ரெண்டு மூணு வருஷம் இருக்கிறது. அதற்கு ஒரு பைசா செலவில்லை.

இப்போது சிலிக்கான் கார்பைடு பற்றிக் கேள்விப்படுகிறேன். 2017ல் டெஸ்லா மாடல் 3 காரின் இன்வெர்ட்டரில் அதைப் போட்ட பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. வேகமாக சுவிட்ச் ஆகும், வீணாவது குறைவு, அதனால் காயிலும் கெப்பாசிட்டரும் சின்னதாகும். கேட்க நன்றாக இருக்கிறது. 200 டிகிரியைத் தாண்டியும் அந்தச் சில்லு தாங்கும் என்கிறார்கள். தாங்கட்டும். அதற்கு அடியில் இருக்கிற ஈயம், பக்கத்தில் இருக்கிற கெப்பாசிட்டர், ஒயரின் பிளாஸ்டிக் தோல் எல்லாம் பழைய ஆட்கள்தானே? வீட்டில் ஒருவனுக்கு மட்டும் வெயில் சுடாது என்பதற்காகக் கூரையைப் பிரித்துவிடக் கூடாது.

அப்புறம் அந்த அலுமினியத் தகடுகள், சூட்டை வெளியே தள்ளும் சீப்புப் பற்கள். ஆய்வகத்தில் அவை பளபளவென்று இருக்கும். அக்காவின் பெட்டியில் பற்களுக்கு நடுவே சேறும் மீன் செதிலும் செங்கல்போல இறுகியிருந்தன. குச்சி வைத்து நெம்பினேன். இங்கே துறைமுகத்துக்குப் போய்வரும் லாரிகளில் செதிலுக்குப் பதில் நிலக்கரித் தூள். பற்கள் படுக்கைவாட்டில் இருந்தால் சேறு தங்கும். நெடுக்குவாட்டில், அகலச் சந்தோடு இருந்தால் மழையே கழுவிவிடும். நிறைய நெருக்கமான பல் என்பது படத்துக்கு அழகு.

வோல்ட்டேஜ் திடீரென்று எகிறுவது பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் என் குற்றம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. நான் தொழில் கற்றது டைனமோவும் கட்டவுட்டும் இருந்த வண்டிகளில். 1961ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். சென்னைப் பாடியில் செய்துவந்த செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் எங்களுக்குப் பாடப்புத்தகம். ‘சார்ஜ் ஆகுதா’ என்று பார்க்க என் மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார்: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்று, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது. ஊர் முழுக்க அப்படித்தான். ஆல்ட்டர்னேட்டர் வந்த பிறகும், கார்களில் கம்ப்யூட்டர் பெட்டி வந்த பிறகும் கை அதே பழக்கத்தில் போயிற்று. ஒரு வாடிக்கையாளரின் டீசல் காரில் ஓடும்போதே டெர்மினலைத் தூக்கினேன். டப் என்று ஒரு சத்தம்கூட இல்லை. இன்ஜின் நின்றது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. பேட்டரி என்ற பெரிய தொட்டி திடீரென்று கழன்றால், அதற்குள் பாய்ந்துகொண்டிருந்த கரண்டு போக இடமில்லாமல் 12 வோல்ட் ஒயரில் நூறு வோல்ட் வரை எகிறும் என்று பிறகுதான் படித்தேன். சோதனைத் தரத்தில் இதற்கு 79 முதல் 101 வோல்ட், 400 மில்லிசெகண்டு வரை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தக் கார்ப் பெட்டிக்கான பணத்துக்கு வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்குப் போனது.

நான் திருந்திவிட்டேன். ஆனால் டெர்மினலைத் தூக்கும் கை இந்த டெல்டா முழுக்க இன்னும் ஆயிரம் இருக்கும். தவிர, துருப்பிடித்த டெர்மினல் குண்டும்குழியுமான சாலையில் தானாகவே கழன்று கழன்று ஒட்டும். அதற்கு எந்த மெக்கானிக்கும் வேண்டாம். காசு மிச்சம் பிடிக்க, இந்த எகிறலைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பு டயோடை எடுத்துவிட்டுப் போர்டில் அதற்கான காலி இடத்தை மட்டும் விட்டிருப்பதை நான் பல பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். காலி இடத்தைப் பார்த்தால் எனக்கு, இலை போட்டுச் சோறு போடாமல் விட்டதுபோல இருக்கும்.

அதிர்வு பற்றிச் சுருக்கமாக: சீரகம் அளவு செராமிக் கெப்பாசிட்டர்களை ஸ்க்ரூ ஓட்டைக்குப் பக்கத்திலும் போர்டின் விளிம்பிலும் வைக்காதீர்கள். ஸ்க்ரூவை முறுக்கும்போதே போர்டு வளைந்து அவை விரிசல் விடுகின்றன. விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் வேகத்தடைகளில் குதித்த பிறகு ஷார்ட் ஆகும். பேட்டரி லைனில் இருந்தால் போர்டே கருகும். பேட்டரி லைனில் இரண்டைத் தொடராக, ஒன்றுக்கொன்று குறுக்குவாட்டில் வைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெட்டி என்னிடம் குறைவாகவே வருகிறது.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து அப்பாவும் மகளும் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோடையில் நாடு முழுக்க நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு மின்சார வண்டிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியைத் திருத்தி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகக்கூடாது என்பதும் அந்த விதியில் உண்டு. நல்லது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்திருக்கிறது: கன்வெர்ட்டர், கன்ட்ரோலர் எதுவானாலும் உள்ளே முழுக்கக் கறுப்புப் பிசினை ஊற்றி அடைத்துவிடுவது. தண்ணீரும் போகாது, யாரும் திறக்கவும் முடியாது. பிசின் சூட்டைப் பரப்பும், அதிர்வைத் தாங்கும், அதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெட்டிப் பிசின் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, சாமான்களின் காலையே பிய்த்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு ஃப்யூஸ் போனதற்காக முழுப் பெட்டியையும் குப்பையில் போட வேண்டியிருக்கிறது. பெட்ரோல் விலை குறைவு என்று பக்கத்து ஜில்லாக்காரர்கள் காரைக்காலுக்கு வந்து டேங்க் நிரப்புகிற ஊர் இது. இங்கேயே மின்சார வண்டி வாங்குகிறவர் கணக்குப் பார்த்து வாங்குகிறவர். அவருக்குப் புதுப் பெட்டி என்பது ஒரு மாத லாபம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்து அதில் வண்டிகளையும் சேர்த்தது. அந்த உரிமை என் மேசைக்கு வர வேண்டுமென்றால், முதலில் மூடி திறக்க வேண்டும்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள்.

பெட்டி மூச்சுவிடட்டும். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சவ்வு அடைப்பான் இருக்கிறது. காற்றை விடும், தண்ணீரை விடாது. கார்களின் ஹெட்லைட்டில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது. அதை வைத்தால் பெட்டி ஒயர் வழியாக உறிஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் சேறு தெறிக்கும் பக்கம் வைக்காதீர்கள். கப்ளர் பூமியைப் பார்த்து இருக்கட்டும். ஒயர் பெட்டிக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலே ஏறட்டும். சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். ஒயர் இழை நேராகப் போர்டில் போய் ஒட்டாமல், நடுவில் ஒரு திடமான பித்தளைப் பின் இருந்தால் திரி அங்கேயே அறுந்துவிடும். போர்டுக்கு ஈயம் வைத்த பிறகு பசைமிச்சத்தைக் கழுவிவிட்டு, மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு போடுங்கள்; கழுவாமல் பூசினால் அழுக்கை உள்ளே வைத்துப் பொத்தியதாகும்.

இன்னொன்று உங்களில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வண்டி வாங்குகிறவர் கட்டாயம் கூடுதல் லைட் போடுவார். பாட்டுப் பெட்டி போடுவார். சாமி படத்துக்குச் சீரியல் பல்ப் போடுவார். திருநள்ளாறு கோயில் பக்கத்தில் இருக்கும்போது போடாமல் இருக்க முடியுமா? ‘அங்கீகரிக்கப்படாத மாற்றம், வாரண்டி செல்லாது’ என்று கையேட்டில் அச்சடித்தால் அவர் நிறுத்தப்போவதில்லை. நீங்களே ஒரு ஃப்யூஸோடு, மூடி போட்ட 12 வோல்ட் கப்ளர் ஒன்றை சீட்டுக்கு அடியில் விட்டுவிடுங்கள். அவர் ஒயரைச் சுரண்ட மாட்டார். அக்காவின் பெட்டி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

சோதனைக்கு உப்புமூட்டம் அடிக்கிற அலமாரி உங்களிடம் இருக்கிறது. ஒரகடம் வாகன ஆராய்ச்சி மையத்தில் அதைவிடப் பெரிய ஏற்பாடுகள் இருக்கின்றன. இருந்தாலும் அலமாரியில் உப்பு தனி, சூடு தனி, உலுக்கல் தனி. இங்கே மூன்றும் ஒரே காலையில் வருகின்றன. காரைக்குடியில் 1953ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கிளை வைத்துக் கடற்காற்றில் உலோகம் அரிப்பதை ஆராய்கிறது. அதே மாதிரி உங்கள் பெட்டிகளையும் ஓடவிட்டபடி கடலோரத்தில் வைத்துப் பார்க்க ஒரு இடம் வேண்டும். திருவேட்டக்குடியில், கடலுக்குப் பக்கத்திலேயே, 2010ல் தொடங்கிய என்.ஐ.டி. இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளில் சிலர் பைக் ஒயரிங் பார்க்க என் கடைக்கு வருவார்கள், கெட்டிக்காரர்கள். மாடியில் ஒரு ரேக் கொடுத்தால் ஐப்பசியிலிருந்து தை வரை கண்காணித்து எழுதி அனுப்ப மாட்டார்களா என்ன?

அதற்கும் நாளாகும் என்றால் ஒருவராவது கார்த்திகையில் என் கடைக்கு வாருங்கள். செத்த பெட்டிகளை நான் தூக்கிப்போடுவதில்லை. பரண்மேல் ஒரு சாக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தேதியும் எந்த ஊர் வண்டி என்பதும் மார்க்கரில் எழுதியிருக்கிறது. மேசையில் கொட்டிவிடுகிறேன், நீங்களே திறந்து பாருங்கள். கிளிஞ்சல்மேட்டு அக்கா காலை பத்து மணிவாக்கில் இந்தப் பக்கம் வருவார். அவர் வண்டிக்கு நான் மாட்டியிருப்பது இரண்டு செத்த பெட்டிகளைச் சேர்த்துச் செய்த ஒன்று, கப்ளரைத் தலைகீழாகத் திருப்பி, மூடியில் ஒரு சின்னத் துளை போட்டு. இந்த மழைக்காலம் தாங்கினால் உங்களுக்கு எழுதுகிறேன். வரும்போது அந்தப் பித்தளைப் பின் வைத்த கப்ளர் நாலு ஜோடி கொண்டுவாருங்கள், இங்கே கடையில் கிடைக்க மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
தலத்தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவன்